எச்சரிக்கை: பழைய மோட்டார்ஹோமுக்கு "16 அங்குல செட்" என்று விற்கும் ரிம்கள்

அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோம் (படுக்க, சமைக்க வசதியுள்ள பயண வண்டி) வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். டல்லாஸ் பக்கம் பழைய உதிரிபாகம் விற்கும் ஒரு கடை, ஆறு 16 அங்குல ரிம் (டயர் உட்காரும் உலோகச் சக்கரம், அங்குலம் அதன் விட்டம்) என்று சொல்லி எனக்கு நான்கு 16-உம் இரண்டு 16.5-உம் கலந்து விற்றது. அரை அங்குலம்தானே என்று தோன்றலாம். அந்த அரை அங்குலத்தால் ஒரு டயர் கடைத் தொழிலாளி என் கண் முன்னால் செத்திருப்பார்.

எங்களிடம் இருப்பது 1976 ஜிஎம்சி மோட்டார்ஹோம். 1973 முதல் 1978 வரை மட்டுமே வந்த வண்டி. ஓல்ட்ஸ்மொபைல் டொரோனாடோ காரின் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருக்கும், முன் சக்கரங்கள்தான் இழுக்கும். பின்னால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சக்கரம், ஆக மொத்தம் ஆறு. தரை தாழ்வாக இருப்பதால் முட்டிவலி உள்ள என் மாமியார்கூடச் சிரமமில்லாமல் ஏறி இறங்குவார். அருமையான வண்டி, அதில் எனக்கு இன்னும் மாற்றுக் கருத்தே இல்லை.

தொழிற்சாலையிலிருந்து இது 16.5 அங்குல ரிம்மோடு வந்தது. அந்த அளவு டயரை இப்போது கம்பெனிகள் ஏறக்குறைய கைவிட்டுவிட்டன. அதனால் பலரும் 16 அங்குல ரிம்முக்கு மாறி, எல்டி225/75ஆர்16 டயர், லோடு ரேஞ்ச் ஈ (டயர் எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கான தரம்) போடுகிறார்கள். 80 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஒரு டயர் 2,680 பவுண்டு தாங்கும். பலர் செய்து பார்த்த நல்ல மாற்றம் இது. ரிம்மை எங்கே வாங்குகிறோம் என்பதில்தான் வினை.

ஜிஎம்சிக்கு எட்டு போல்ட், அவை அமையும் வட்டம் ஆறரை அங்குல விட்டம். அந்தக் காலத்துக் கனரகப் பிக்கப்கள் பலவற்றுக்கும் இதே அளவுதான். "போல்ட் உட்காருது சார், அப்புறம் என்ன?" என்பார்கள் கடைக்காரர்கள். போல்ட் உட்கார்ந்தால் போதாது. ரிம்மின் நடுத்தட்டு எவ்வளவு வெளியே தள்ளி இருக்கிறது என்பதும் சரியாக இருக்க வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம் போடும் ஒரு டன் பிக்கப் ரிம் போல ஜிஎம்சிக்குத் தட்டு நன்றாக வெளியே இருக்கும். சாதாரணப் பிக்கப் ரிம்மை மாட்டினால் சக்கரம் பாடிக்கு வெளியே துருத்தும், முன்பக்க பேரிங் தேய்ந்து போகும். இதையெல்லாம் கேட்டுத்தான், தட்டை அளந்து பார்த்துத்தான் அறுநூறு டாலர் கொடுத்தேன். ஆறு ரிம்மிலும் போல்ட்டும் தட்டும் சரியாக இருந்தன, ஒரே மாதிரி வெள்ளிப் பெயின்ட், புதிதாக அடித்தது.

அந்தப் பெயின்ட்டுக்கு அடியில் இரண்டு ரிம்கள் ஜிஎம்சியின் பழைய ஒரிஜினல் 16.5. யாரோ 16-க்கு மாறியபோது கழற்றிப் போட்டவை. அதே போல்ட், அதே தட்டு என்பதால் எந்தச் சோதனையிலும் மாட்டவில்லை. அளவு குத்தியிருந்த இடத்தைப் புட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். கவனக்குறைவில் கலந்துவிட்டது என்று இதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எங்கள் ஊர் டயர் கடையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மெக்சிகோக்காரர் வேலையை எடுத்துக்கொண்டார். நான்கு டயர் சிக்கலில்லாமல் ஏறியது. ஐந்தாவதும் ஏறியது, 16 டயர் 16.5 ரிம்முக்குள் ஏறிவிடும் என்பதுதான் இதில் உள்ள கொடுமை. காற்று ஏற்றும்போது ஒரு பக்கம் உட்கார்ந்தது, மறுபக்கம் உட்காரவில்லை. 40 பிஎஸ்ஐ வந்ததும் அவர் நிறுத்திவிட்டார். டயரை ரிம்மில் உட்கார வைக்க அதற்கு மேல் போகக் கூடாது என்பது அவர்கள் தொழிலின் விதி. எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, காற்றை முழுவதும் இறக்கி, டயரைக் கழற்றி, உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்தார். புட்டி உதிர்ந்தது. 16.5 என்ற எழுத்து தெரிந்தது. அவர் முகம் வெளுத்துப் போனது.

டயரின் உள்விளிம்புக்குள் எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது. 16 அங்குல ரிம்மில் அது உட்காரும் இடம் ஏறக்குறைய தட்டையானது, 5 டிகிரிச் சாய்வு. 16.5-இல் 15 டிகிரி. சின்ன வளையத்தைக் காற்றழுத்தம் அந்தப் பெரிய சரிவில் ஏற்றப் பார்க்கும். வளையம் விரியாது. இன்னும் கொஞ்சம் காற்று அடித்தால் உட்காரும் என்று அடிப்பார்கள், கம்பி ஒரு இடத்தில் அறுந்துவிடும். அந்த நொடியில் டயர் வெடிகுண்டுதான். குனிந்து நிற்பவருக்கு விலக நேரமே இருக்காது. பெரிய லாரி டயரைப் போல இந்த அளவு டயரைக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிக்கும் வழக்கமும் பல கடைகளில் இல்லை.

இதில் கை கால் இழந்தவர்களும் உயிர் விட்டவர்களும் உண்டு. இதேபோல 16 டயரை 16.5 ரிம்மில் மாட்டும்போது காயம்பட்ட ஒரு மெக்கானிக்கின் வழக்கு டெக்சஸ் உச்ச நீதிமன்றம் வரை போய், 1998-இல் அவர் பக்கம் தீர்ப்பானது. டயரில் எச்சரிக்கைப் படம் ஒட்டியிருந்தும், அறுந்துபோகாத மாதிரி வளையத்தைச் செய்ய வழி இருந்தது என்பதால் டயர் கம்பெனி பொறுப்பு என்றார்கள்.

விற்றவரிடம் போனில் கேட்டேன். "எல்லாரும் போடுறாங்க, சோப்புத் தண்ணி தடவி அழுத்தமா காத்து அடிச்சா உட்காந்துரும்" என்ற பொருளில்தான் பதில் வந்தது. விற்ற பொருள் திரும்ப எடுப்பதில்லை என்றும் சொன்னார். கார்டில் கட்டியிருந்ததால் சொன்ன பொருளைத் தரவில்லை என்று கார்டு கம்பெனியில் புகார் கொடுத்துப் பணத்தை மீட்டேன். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் போனது போனதுதான். இரண்டு ரிம்மையும் அறுத்த பிறகுதான் திருப்பி அனுப்பினேன்.

வாங்கும்போது பெயின்ட் அடித்த ரிம்மென்றால் அளவு குத்திய இடத்தைத் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வாங்காதீர்கள். டயர் உட்காரும் இடத்தில் டேப்பைச் சுற்றி அளந்து பாருங்கள், 16-க்கும் 16.5-க்கும் சுற்றளவில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வரும். ஆறையும் அளக்க வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றதை நம்பாதீர்கள்.

டயரோடு சேர்த்து விற்றால் இன்னும் இரண்டு வேலை. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 2317 என்றால் 2017-இன் 23-ஆவது வாரம். முழு எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டி விற்பவர்கள் உண்டு. வண்டிக்கு அடியில் படுத்தாவது பாருங்கள். அளவுக்கு முன்னால் எஸ்டி என்று இருந்தால் அது இழுவை டிரெய்லருக்கான டயர், மோட்டார்ஹோமுக்கு ஆகாது.

அந்தக் கடையில் அதே வெள்ளிப் பெயின்ட்டில் இன்னும் இரண்டு செட்டுகள் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தேன். டல்லாஸ் பக்கம் வாங்கப் போகிறவர்கள் டேப்பும் உப்புத்தாளும் கையோடு எடுத்துப் போங்கள். டயர் மாட்டுபவரிடம் ரிம் பழையது, அளவைச் சரிபார்த்துவிட்டுக் காற்றடியுங்கள் என்று முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.