சிறு கல்லூரியா, அரச பல்கலைக்கழகமா: கொழும்பில் வரைகலைப் பட்டம்

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளிவரும் ஒவ்வொரு முறையும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து பெற்றோர் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பிள்ளைக்கு வரைகலைத் தொடர்பாடல் படிக்க விருப்பம். வெளிநாட்டுப் பட்டத்தை இங்கேயே வழங்கும் சிறு தனியார் கல்லூரியில் சேர்ப்பதா, அரச பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பதா? பல ஆண்டுகளாகப் பக்க வடிவமைப்பும் பொதி வடிவமைப்பும் செய்து வருபவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரச பல்கலைக்கழகமான மொறட்டுவையில் இடம் கிடைத்தால் அதை விடவேண்டாம். கிடைக்காவிட்டால் சிறு கல்லூரியை இரண்டாந்தரத் தெரிவாக எண்ணி மனம் குன்றவும் வேண்டாம். ஆனால் கல்லூரியைக் கட்டடத்தைப் பார்த்துத் தெரிவுசெய்யக் கூடாது.

கட்டுபெத்தையில் உள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில், கட்டடக்கலைப் பீடத்தின் கீழ் வடிவமைப்புப் பட்டம் 4 ஆண்டுகள் ஆங்கில மொழிமூலம் கற்பிக்கப்படுகிறது. உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை என்பதும், வரைகலையை வடிவமைப்பு என்ற பரந்த துறையின் ஒரு கிளையாகப் பார்க்கப் பழக்குவதும் அதன் பெரும் பலங்கள். 2005 இல் தனிப் பல்கலைக்கழகமான கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகமும் கொழும்பிலேயே இருக்கிறது. ஓவியத்தில் ஊன்றிய பிள்ளைக்கு அது நல்ல இடம். எனினும் அங்கே பெரிதும் புழங்கும் மொழி சிங்களம் என்பதைத் தமிழ்மொழிமூலம் படித்தவர்கள் முன்கூட்டியே மனத்தில் கொள்ளவேண்டும்.

சிறு கல்லூரியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. என் அக்காவின் மகள் படித்த வகுப்பில் பன்னிரண்டு பேர்தான். ஒரு நாள் அவள் 16 பக்கச் சிறுநூல் ஒன்றை வடிவமைத்து, கடற்கரைப் படமொன்றை 6, 7 ஆம் பக்கங்களுக்குக் குறுக்கே விரித்து வைத்திருந்தாள். திரையில் அது மிக அழகாக இருந்தது. விரிவுரையாளர் எதுவும் சொல்லாமல் ஒரு வெற்றுத் தாளை எடுத்து மூன்று முறை மடித்து, ஓரங்களை வெட்டாமலே பக்க எண்களைப் பென்சிலால் எழுதி, மறுபடி விரித்துக் காட்டினார். 16 பக்கங்களும் ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கப்படுவதால், 6 ஒரு மூலையிலும் 7 வேறொரு மூலையிலும் கிடந்தன. மடிப்பில் ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் படத்தின் அடிவானம் முறிந்துவிடும். நடுவிலுள்ள 8, 9 ஆம் பக்கங்கள் மட்டுமே ஒரே தாளில் ஒட்டியபடி வருகின்றன. அவள் படத்தை அங்கே மாற்றினாள். பத்து நிமிடம்கூட எடுக்காத அந்தப் பாடம், ஐம்பது பேர் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் ஒரு தனி மாணவியின் மேசைக்கு வந்து சேர்ந்திருக்காது. வாரத்துக்கு எத்தனை முறை ஆசிரியர் மாணவரின் வேலையைக் கையில் எடுத்துப் பார்க்கிறார் என்பதையே நான் முதல் அளவுகோலாக வைக்கிறேன்.

இரண்டாவது அளவுகோல் எழுத்து, அதிலும் நம் எழுத்து. ஒரு சிறு கல்லூரியின் கணினிக்கூடத்தில் மாணவர் செய்த சுவரொட்டியொன்றில் ‘கொழும்பு’ என்ற சொல்லின் ஒற்றைக்கொம்பு ‘க’வுக்குப் பின்னே போய் நின்றதைப் பார்த்தேன். அதற்குப் புள்ளி வழங்கிய ஆசிரியருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததால் பிழை கண்ணில் படவில்லை. யூனிகோட்டில் ‘ொ’ என்பது மெய்யைத் தொடர்ந்து வரும் ஒரே குறி. அதை இரண்டாகப் பிரித்து மெய்யின் இருபுறமும் நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், இத்தகைய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தெரிவுசெய்யாவிட்டால் அந்த வேலை நடக்காது. யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் பழகிய பழைய அச்சகங்களுக்குக் கோப்பை அனுப்பும்போது வேறு சிக்கல்கள் எழுகின்றன. சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகளாகவும் ஆங்கிலம் இணைப்பு மொழியாகவும் உள்ள நாட்டில், ஒரே பலகையில் மூன்று எழுத்துகளையும் சமமான மதிப்போடு அமைக்கத் தெரியாத பட்டதாரியைப் பட்டதாரி என்று ஏற்க எனக்கு மனம் வருவதில்லை. பெரும்பாலும் இலத்தீன் எழுத்தை வைத்தே எழுதப்படும், சிறு கல்லூரிகள் பல பின்பற்றும் பிரித்தானியப் பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை; உள்ளூர் ஆசிரியர் தாமாகச் சேர்த்தால்தான் உண்டு. அரச பல்கலைக்கழகத்திலும் தமிழ் எழுத்துருவியலைத் தேடிக் கற்கவேண்டியிருக்கும் என்றாலும், மும்மொழியிலும் வாசிக்கக்கூடிய வகுப்புத் தோழர்கள் அங்கே கிடைப்பார்கள்.

பணமும் சான்றிதழும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரித்தானிய இளமாணிப் பட்டம் என்பது 360 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு), ஆண்டுக்கு 120. சில கல்லூரிகளில் முதல் 240 கிரெடிட்டுக்கு உயர் டிப்ளோமாவே கிடைக்கும், கடைசி ஆண்டு மட்டுமே பல்கலைக்கழகத்தின் பட்டக்கல்வியாகும். அதில் தவறில்லை, ஆனால் சேரும் நாளிலேயே அது பெற்றோருக்குத் தெரிந்திருக்கவேண்டும். பட்டம் வழங்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்பதையும் கல்லூரியின் வாய்ச்சொல்லை நம்பாமல் ஆணைக்குழுவிடமே கேட்டறியவேண்டும். கட்டணத்தில் ஒரு பகுதி வெளிநாட்டு நாணயத்தில் குறிக்கப்பட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை: 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்துக்குள் 350 ரூபாவைத் தாண்டியபோது, இரண்டாம் ஆண்டோடு பிள்ளையின் படிப்பை நிறுத்திய குடும்பங்களை நான் அறிவேன்.

மூன்றாவது வழியும் இருக்கிறது. அச்சுத் தொழில்நுட்ப டிப்ளோமா ஒன்றை முடித்து, அச்சகத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து, பிறகு, பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டால், பட்டத்தின் கடைசி ஆண்டில் சேர்வது. வசதி குறைந்த, ஆனால் கைத்திறன் உள்ள பிள்ளைக்கு இதை நான் மனப்பூர்வமாகப் பரிந்துரைப்பேன்.

கல்லூரியைப் பார்க்கப் போகும் நாளில் வரவேற்பறையில் தரும் வண்ணக் கைந்நூலை ஒருபுறம் வைத்துவிட்டு, இறுதியாண்டு மாணவர் அச்சிட்ட நூல்களையும் பொதிகளையும் கையில் தரும்படி கேளுங்கள். திரையில் மட்டும் காட்டினால், அவர்கள் எந்த அச்சகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு கணினிக்கூடத்தில் ஓர் இயந்திரத்தின் முன் அமர்ந்து, ‘கொழும்பு’ என்று தட்டச்சுச் செய்து காட்டும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள்.