மூடிலுடன் ஆறு வருடம்: பச்சை டிக்கை நம்பி ஏமாந்த கதை

பொறியியல் கல்லூரியில் சர்க்யூட் தியரி எடுக்கிறேன். வாரத்தில் மூன்று வகுப்பு நேரில், மீதி மூடிலில், அதாவது பாடம், வீடியோ, குவிஸ் எல்லாம் ஆன்லைனில் நடத்தும் மென்பொருளில். இப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது.

முதல் இரண்டு வருடம் நான் ஏமாந்தது பச்சை டிக்கில். பிடிஎஃப்பையோ வீடியோவையோ திறந்தாலே ‘முடித்தார்’ என்று டிக் விழுகிற மாதிரி அமைத்திருந்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்தால் திரை முழுக்கப் பச்சை. துறைக் கூட்டத்தில் அதைக் காட்டிப் பாராட்டுகூட வாங்கினேன். அப்புறம் இன்டர்னல் தாளைத் திருத்த உட்கார்ந்தால், தெவெனின் கணக்கில் (பெரிய சர்க்யூட்டை ஒரு வோல்டேஜ் சோர்ஸ், ஒரு ரெசிஸ்டன்ஸ் என்று சுருக்கும் முறை) வோல்டேஜ் சோர்ஸை ஷார்ட் செய்யாமலே ரெசிஸ்டன்ஸ் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒருவர் இருவர் அல்ல, பெஞ்ச் பெஞ்சாக.

உண்மையில் மார்க்கை நகர்த்தியது வாராந்திரக் குவிஸ்தான். மூடிலில் ‘கால்குலேட்டட்’ என்று ஒரு கேள்வி வகை உண்டு. சூத்திரத்தை நாம் கொடுத்துவிட்டால், ஒருவருக்கு 10 ஓம், பக்கத்தில் இருப்பவருக்கு 22 ஓம் என்று எண்களை மாற்றிப் போடும். விடையைக் காப்பி அடிக்க வழியில்லை. டாலரன்ஸை, அதாவது விடை எவ்வளவு விலகினாலும் சரி என்று ஏற்கும் வரம்பை, மட்டும் பார்த்து வையுங்கள். நான் 1 சதவீதம் வைத்திருந்தேன். பாதிக் கணக்கிலேயே ரவுண்ட் ஆஃப் செய்தவர்களுக்கெல்லாம் தவறு என்று வந்து, முதல் வாரம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வரிசை நின்றது.

மூன்றாவது வாரமே ஒரு பையன் எக்செல்லில் சூத்திரம் போட்டு வாட்ஸ்அப் குழுவில் விட்டுவிட்டான். மதிப்புகளை அடித்தால் விடை வந்துவிடும். அவனுக்குப் பாடம் நன்றாகவே புரிந்திருக்கிறது, திட்ட மனம் வரவில்லை. மற்றவர்களுக்குத்தான் ஒன்றும் ஏறவில்லை. அதனால் இப்போது கேள்வி எண்ணிக்கையைக் குறைத்து, கையால் போட்ட கணக்கைப் படம் எடுத்து ஏற்றச் சொல்கிறேன். திருத்துவது எனக்குக் கூடுதல் வேலை, மறைப்பானேன்.

இன்னொரு சிக்கல் டே ஸ்காலர்களுக்கு. ஊரில் சிக்னல் சரியில்லை என்றால் மூடில் ஆப்பில் குவிஸை இறக்கி ஆஃப்லைனில் எழுதலாம். ஆனால் அதற்கு நேர வரம்பு வைக்கக் கூடாது, தவறினால் உடனே குறிப்பு கொடுத்து மறுபடி முயலச் சொல்லும் முறையும் கூடாது. எனக்கு அந்தக் குறிப்பு முறைதான் பிடிக்கும். தப்பு செய்த நிமிடத்திலேயே திருத்தினால்தான் மனதில் நிற்கும். இருந்தும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய் வருகிற பிள்ளைகளை நினைத்து ஆஃப்லைனையே தேர்ந்தெடுத்தேன். சரியான முடிவா என்று ஒவ்வொரு செமஸ்டரும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

சரி, மார்க் ஏறியதற்கு மூடில்தான் காரணமா? அமெரிக்கக் கல்வித்துறை 2010-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், நேர்வகுப்பில் மட்டும் படித்தவர்களைவிட, நேர்வகுப்பும் ஆன்லைனும் சேர்ந்த கலப்பு முறையில் படித்தவர்கள் முன்னே வந்தார்கள். ஆனால் கலப்பு வகுப்புகளில் படிக்கும் நேரமும் பாடப்பொருளும் பெரும்பாலும் கூடுதலாக இருந்தன, எனவே பெருமையை ஆன்லைனுக்கு மட்டும் கொடுக்க முடியாது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். என் வகுப்பிலும் அதேதான். ஞாயிறு இரவு 10 மணிக் கெடு, முன்பு இல்லாத ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்குகிறது. தவிர, திங்கள் காலை எந்தக் கேள்வியில் அதிகம் பேர் விழுந்தார்கள் என்று பார்த்துவிட்டு, அதை மட்டும் போர்டில் போடுகிறேன். எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

வீடியோக்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்து நிமிடம் தாண்டினால் யாரும் பார்ப்பதில்லை.

போன செமஸ்டரில் ஒரு மாணவன் மூன்று வாரமாக மூடிலுக்குள்ளேயே வரவில்லை என்று வருகைப் பதிவு (லாக்) காட்டியது. சோம்பேறி என்று முடிவு கட்டித்தான் கூப்பிட்டேன். போன் திரை உடைந்திருந்தது, மாற்றப் பணம் இல்லை. அதிலிருந்து வியாழக்கிழமைகளில் மாலை 4 முதல் 5:30 வரை கம்ப்யூட்டர் லேபைத் திறந்து வைக்கிறோம். அவன் ஊர் பஸ் 5:10-க்கே கிளம்பிவிடுகிறது. லேப் அசிஸ்டென்ட்டிடம் மதிய இடைவேளையிலும் திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.