பிரஷும் சோப்பும் போர்வெல் தண்ணீரும்

சவரத்துக்கு பிரஷ், சோப்பு, பழைய மாடல் ரேசர் என்று மாறுகிறவர்களில் பலர் முதல் மாதம் முழுக்க பிளேடையே மாற்றிக்கொண்டிருப்பார்கள். கன்னம் எரிந்தால் இந்த பிளேடு சரியில்லை, கழுத்தில் கீறினால் அந்த பிளேடு சரியில்லை. பழி பெரும்பாலும் போக வேண்டிய இடம் நுரை. நுரை கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்.

போர்வெல்லை நம்பியிருக்கும் வீடுகளில் வாளியின் உள்பக்கம் வெள்ளைப் படலம் கட்டுமே, அதே உப்புதான் இங்கேயும் வேலையைக் கெடுக்கிறது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும். போட்ட சோப்பில் ஒரு பங்கு அப்படியே வீண். மிச்சம் நுரைக்கும், ஆனால் வழுக்காது. கன்னத்தில் தடவிய கொஞ்ச நேரத்தில் காய்ந்து உதிரும். ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணீர் எடுத்து, பிரஷ் ஊறவைக்கவும் நுரை கட்டவும் மட்டும் அதைப் பயன்படுத்தினால் போதும். முகம் கழுவவும் ரேசர் அலசவும் குழாய்த் தண்ணீரே சரி. வெளிநாட்டு சோப்பு ஆர்டர் போடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். செலவும் இல்லை, பலனும் அதிகம். ஆர்ஓ இல்லாத வீட்டில் சோப்பை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு எடுத்து ஓரளவு சமாளிக்கலாம்.

சோப்பு வாங்கும்போது மூலப்பொருள் பட்டியலைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் முன்வரிசையில் இருந்தால் அது சவரத்துக்கென்று செய்தது. பொட்டாசியம் சோப்பு எளிதில் கரையும். ஸ்டியரிக் அமிலம் நுரையை நெருக்கமாக நிற்க வைக்கும். குளியல் சோப்பு பெரும்பாலும் சோடியம் சோப்பு. அதில் குமிழ் பெரிது பெரிதாக வந்து உடைந்துபோகும், அவசரத்துக்குக்கூட உதவாது. மற்றபடி மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண ட்யூப் கிரீமே பிரஷில் போட்டால் நன்றாக நுரைக்கிறது. பழகும்வரை அதுவே போதும். மெந்தால் தூக்கலாக உள்ளதை மட்டும் ஆரம்பத்தில் தவிர்க்கலாம். அந்தக் குளிர்ச்சியில் எங்கே எரிகிறது, எங்கே அழுத்தம் கூடியது என்பதே தெரியாமல் போகும்.

இனி நுரை. பன்றிமயிர் பிரஷ் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று நிமிடம் ஊற வேண்டும். செயற்கை இழை என்றால் நனைத்தாலே போதும். பிரஷை லேசாக உதறி, சோப்பின் மேல் 30 விநாடி சுழற்றுங்கள். பிரஷின் நுனியில் கெட்டியான பசை போல ஒட்ட வேண்டும். கிரீம் என்றால் ஒரு பாதாம்பருப்பு அளவு. பிறகு கிண்ணத்திலோ நேராகக் கன்னத்திலோ சுழற்றிக்கொண்டே, பிரஷின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். ஒரே தடவையில் ஊற்றினால் கதை முடிந்தது. முதலில் வெறும் பசை, அப்புறம் மங்கலான நுரை, கடைசியில் கெட்டித் தயிர் பதத்தில் ஒரு பளபளப்பு வரும். அந்தப் பளபளப்பு வந்தால் நிறுத்திவிடலாம். விரலிடையில் தேய்த்தால் வழுக்க வேண்டும். சலூன் விளம்பரத்தில் வருவது போல மலையாகக் குவிந்த நுரை பார்க்க அழகு. பெரும்பாலும் தண்ணீர் போதாத, காற்றடைத்த நுரை அது. கன்னத்தில் ஒழுகினால் தண்ணீர் அதிகம், இன்னும் கொஞ்சம் சோப்பு எடுங்கள். மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டு நுரை காய்கிறது என்று அங்கலாய்ப்பவர்களும் உண்டு.

ரேசரின் அடிப்படை அமைப்பு, 1904-ல் கிங் கேம்ப் ஜில்லெட் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து பெரிதாக மாறவில்லை: மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி, நடுவில் இருபக்கமும் கூரான மெல்லிய பிளேடு. பிளேடைக் குறுக்குமுனைகளில் பிடித்து, கைப்பிடியை முறுக்கி இறுக்கும்வரை விடாமல் இருந்தால் இருபக்கமும் சமமாக வெளிவரும். ஒரு பக்கம் மட்டும் கீறினால் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். சவரம் செய்யும்போது முதலில் மேல்மூடி கன்னத்தைத் தொட வேண்டும். கைப்பிடியை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் பிளேடு முடியைப் பிடிக்கும். அந்தக் கோணம் ஏறக்குறைய 30 டிகிரி. அழுத்தவே கூடாது, ரேசரின் எடையே வெட்டும். பிளேடு பொதிந்த தலையையே மாற்றும் கார்ட்ரிட்ஜ் ரேசரில் பல வருடம் அழுத்திப் பழகிய கைக்கு இதுதான் கடினம், மூன்று நான்கு வாரம் எடுக்கும். கைப்பிடியின் கீழ்நுனியை இரண்டு விரலால் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும்.

முடி சாயும் வாக்கு கன்னத்தில் கீழ்நோக்கி இருக்கலாம், கழுத்தில் பலருக்குப் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ சுழலும். இரண்டு நாள் தாடியில் விரலை எல்லாத் திசையிலும் தடவினால் எங்கே குத்துகிறது என்று தெரிந்துவிடும். முதல் சுற்று வாக்கோடு, இரண்டாவது மீண்டும் நுரை தடவிக் குறுக்கே. எதிர்வாக்கில் மூன்றாவது சுற்று கட்டாயமில்லை. கழுத்தில் முடி தோலுக்குள் வளைந்து கொப்புளம் வருகிறவர்கள் அதை விட்டுவிடுவதே நல்லது.

முடிந்ததும் முகத்தை அலசி, ஈரமான படிகாரக் கல்லை ஒரு தடவை ஓட்டி, ஒரு நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். சிறு கீறலில் ரத்தம் நிற்கும். எங்கே சுரீரென்கிறதோ அங்கே கை அழுத்தியிருக்கிறது. அடுத்த முறை திருத்திக்கொள்ள இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது. தினமும் அழுந்தத் தேய்த்தால் தோல் வறண்டுபோகும்.

வருடக்கணக்கில் எது தாங்குகிறது? ஒரு சவரத்துக்கு ஒரு கிராம் என்று வைத்தால் 100 கிராம் சோப்பு தினசரி சவரத்துக்கே மூன்று மாதத்துக்கு மேல் வரும். பன்றிமயிர் பிரஷ் முதல் வாரங்களில் முரடாக இருக்கும், லேசாக வாடையும் அடிக்கும். இருபது தடவை ஆனபின் நுனிகள் பிளந்து மிருதுவாகும். அதற்குள் தூக்கிப்போடுகிறவர்கள்தான் அதிகம். பிரஷ் கெடுவது பெரும்பாலும் இரண்டு வழியில்: அடிவரை அழுத்திச் சுழற்றினால் நடுமயிர் உடைந்து குழி விழும், அடிமயிரில் சோப்பு தங்கினால் இறுகிப்போய் உதிரத் தொடங்கும். கொதிநீரில் போட்டாலும் ஒட்டுப்பசை விடும். நன்றாக அலசி, முறுக்காமல் பிழிந்து, துண்டில் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். குளியலறை அலமாரிக்குள் மூடி வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை நிச்சயம்.

மலிவான ரேசர்களின் தலை துத்தநாகக் கலவையில் குரோம் பூசியது. பூச்சு விட்டுப்போனால் உள்ளே அரிக்கும், சரிசெய்ய முடியாது. கைப்பிடியை வெறியோடு இறுக்குவதும், கசடு போக வினிகரில் இரவு முழுக்க ஊறப்போடுவதும்தான் காரணங்கள். வாரம் ஒருமுறை பாத்திரம் கழுவும் திரவமும் பழைய பல்துலக்கியும் போதும்.

பிளேடு முரட்டுத் தாடிக்கு நான்கு ஐந்து சவரம். துணியால் கூரைத் துடைக்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். தீர்ந்த பிளேடைக் குப்பைப் பையில் போடுவது தூய்மைப் பணியாளர் கையைக் கிழிக்கும் வேலை. பழைய மில்க்மெய்ட் டின்னின் மூடியில் ஒரு கீறல் போட்டு அதில் சேருங்கள். ஐந்து நாளுக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 73 பிளேடு; ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீட்டர் கனம், அடுக்கினால் ஒரு சென்டிமீட்டர்கூட வராது.