ப்ளே ஸ்டோர் ‘டேட்டா சேஃப்டி’: ஐந்துக்கு இரண்டு மார்க்

பிரைவசி பாலிசி (நம் தரவில் எதை எடுக்கிறது, என்ன செய்கிறது என்ற அறிக்கை) இல்லாமல் ப்ளே ஸ்டோரில் ஆப் ஏற்ற முடியாது. அதன் சுருக்கமாக 2022 முதல் ஒவ்வொரு ஆப் பக்கத்திலும் ‘டேட்டா சேஃப்டி’ என்ற பகுதி இருக்கிறது. அதை எழுதுவது ஆப் போட்டவரேதான். எழுதியதற்குப் பொறுப்பும் அவருக்கே என்று கூகுள் ஒதுங்கிக்கொள்கிறது.

‘மூன்றாம் தரப்புடன் தரவு பகிரப்படவில்லை’ என்ற வரியைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். தன் வேலைக்கு அமர்த்திய வேறு கம்பெனிக்குக் கொடுப்பது கூகுள் கணக்கில் பகிர்தல் ஆகாது. வேலூர் தோட்டப்பாளையத்தில் லாட்ஜ் ரூம் போடும்போது கொடுத்த நம்பர், மெசேஜ் அனுப்பித் தரும் இன்னொரு கம்பெனியின் சர்வருக்குப் போனாலும் அந்த வரி பொய்யாகாது!

கடன் ஆப் விஷயத்தில் ஓரளவு காப்பது நேரடித் தடைதான். கான்டாக்ட், கால் லாக், ஃபைல் எதையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. கேமரா, மைக், லொகேஷன் மட்டும் கேஒய்சிக்காக (அடையாளச் சரிபார்ப்பு) ஒரு தடவை, அதுவும் சம்மதம் வாங்கி. 2023 மே 31 முதல் கூகுளும் கடன் ஆப்களுக்கு கான்டாக்ட், போட்டோ அனுமதியை நிறுத்தியது. ஆகவே ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ சம்பளத்துக்கு முன் கைமாற்றாகக் கடன் ஆப் போடுபவர், அது கான்டாக்ட் கேட்டால் அங்கேயே அழித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலுக்கு (ஸ்டோர் இல்லாமலே ஆப் ஏற்றும் ஃபைல்) ப்ளே ஸ்டோர் தடை செல்லாது. அதைத் தொடவே வேண்டாம்.

உருப்படியான வேலை செட்டிங்ஸில் இருக்கிறது. ஆப்ஸ், ஆப் பெயர், பெர்மிஷன்ஸ் என்று போய், லொகேஷனில் ‘ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்’ வையுங்கள். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் என்றால் துல்லிய இடத்தையும் அணைக்கலாம்: சத்துவாச்சாரிப் பக்கம் என்று தெரியும், எந்தத் தெரு என்று தெரியாது. (சாப்பாடு டெலிவரிக்கு இது சரிவராது, முகவரியைக் கையால் அடிக்க வேண்டும்.) கான்டாக்ட் அனுமதியை முதலிலேயே மறுத்துவிடுங்கள். ஒரு தடவை சர்வருக்கு ஏறிய பட்டியல், பிறகு அணைத்தாலும் திரும்பி வராது. ஆப்பை அழித்தால் கணக்கு அழியாது; கணக்கை நீக்கும் வழி ஆப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது கூகுள் விதி, தேடிப் பிடியுங்கள்.

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி சம்மத அறிவிப்பைத் தமிழிலும் கேட்கலாம். ஆனால் 2025 நவம்பரில் வந்த விதிகள் கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கின்றன.

தலைப்பில் கொடுத்த அந்த இரண்டு மார்க் எதற்கு? பாலிசியின் கடைசியில் பெரும்பாலும் குறைதீர் அதிகாரியின் மெயில் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதுங்கள். கடன் கொடுத்தது வங்கியோ பதிவுபெற்ற நிதி நிறுவனமோ என்றால், 30 நாளில் பதில் இல்லாதபோது ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். மிரட்டல் வந்தால் காத்திருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.