வெள்ளை யானை: சேற்றில் நிற்கும் அருட்தந்தையர்

அர்ஜென்டினா இயக்குநர் பாப்லோ திரபேரோவின் ‘எலெஃபாந்தே பிளாங்கோ’, அதாவது வெள்ளை யானை, 2012-இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. லத்தீன் அமெரிக்காவிலேயே பெரிய மருத்துவமனையாக எழும் என்று சொல்லித் தொடங்கப்பட்டு, புவெனஸ் ஐரிஸ் நகரின் குடிசைப் பகுதியொன்றில் பாதியிலேயே கைவிடப்பட்ட கட்டடத்தின் பெயர் அது. நோயாளிகளுக்கென்று எழுப்பிய தளங்களில், ஒண்ட வேறு இடமில்லாத குடும்பங்கள் அப்போது வாழ்ந்துவந்தன.

அங்கே பணியாற்றும் அருட்தந்தை ஹூலியானாக ரிக்கார்டோ டாரின் நடித்திருக்கிறார். தன் மூளையில் வளரும் கட்டியைப் பற்றி வாய் திறக்காத அவர், தனக்குப் பிறகு இந்த மக்களுக்கு யார் என்ற கவலையில், காட்டுப் பகுதிப் படுகொலையொன்றில் உயிர் தப்பி அந்தக் குற்றவுணர்வில் உழலும் இளம் அருட்தந்தை நிக்கோலாஸை அழைத்து வருகிறார். போதைப்பொருள் கும்பல்களின் மோதலில் இறந்த இளைஞனின் உடலைக் கேட்டு, நிக்கோலாஸ் தனியாக எதிர்க்கும்பலின் இடத்துக்கே போகும் காட்சியில் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். வீரம் காட்ட அவர் போகவில்லை. பிள்ளையை அடக்கம் செய்ய வேண்டுமே என்பதற்காகப் போகிறார்.

இந்தத் துணிச்சலைவிட என்னை அதிகம் வருத்தியது குடிசைவாசிகளுக்கு வீடு கட்டும் வேலை தொடர்பான பகுதிதான். பணம் வராமல் வேலை தடைபட, கூலி கிடைக்காத தொழிலாளர்கள் தங்களோடு அன்றாடம் பழகும் அருட்தந்தையரிடமே கோபத்தைக் காட்டுகிறார்கள். ஆயரகம் எனும் திருச்சபைத் தலைமைக்கும் அரசுக்கும் இடையே அலையும் ஹூலியானிடம் அவர்களுக்குச் சொல்ல ஒரு தேதிகூட இல்லை. ஏழைகளுக்கு ஊழியம் செய்பவர்களின் நாட்கள் பெரும்பாலும் இத்தகைய காத்திருப்பிலேயே கழிகின்றன என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படங்கள் குறைவு.

குடிசைவாசிகளோடு நின்று, 1974 மே 11 அன்று திருப்பலி முடித்து வெளியே வந்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட அருட்தந்தை கார்லோஸ் முஹிகாவுக்கு இப்படம் காணிக்கையாக்கப்பட்டுள்ளது. சேற்றில் நடந்து பழகிவிட்டதற்காகவும், தான் நினைத்தால் இங்கிருந்து போய்விடலாம், இவர்களால் முடியாது என்பதற்காகவும் இறைவனிடம் மன்னிப்புக் கேட்கும் அவருடைய மன்றாட்டு படத்தில் ஒலிக்கிறது. இரு குருக்களின் ஒவ்வொரு முடிவையும் அந்த மன்றாட்டை வைத்தே நான் எடைபோட்டேன்.

சமூகப் பணியாளர் லூசியானாவோடு நிக்கோலாஸுக்கு ஏற்படும் காதல் அவசரமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மணமின்றி வாழ்வதாகக் கொடுத்த குருத்துவ வார்த்தைப்பாட்டை மீறுகிறவரின் மனப்போராட்டத்துக்கு இன்னும் இடம் தந்திருக்கலாம். மைக்கேல் நைமனின் இசையும் சில இடங்களில் காட்சியை முந்திக்கொண்டு உருகுகிறது. ஆனால் குறுகிய சந்துகளுக்குள் இடைவெட்டின்றி நீளும் காட்சிகளில், ஹூலியான் யாரையும் கடந்து போய்விடுவதில்லை. ஒவ்வொருவருக்காகவும் நின்று, பேசி, பிறகே நகர்கிறார்.