பாத்ரூம் வேலைக்கு முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள் (1,85,000 ரூபாய் போச்சு)

ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் அம்மாவுக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது. விழுந்தது எங்கே தெரியுமா? அவர் விழக்கூடாது என்பதற்காகவே 1,85,000 ரூபாய் கொடுத்து மாற்றிக் கட்டிய பாத்ரூமில்.

எங்கள் வீடு திருச்சியில். அப்பா கட்டிய பழைய வீடு, கீழே ஒரே பாத்ரூம். அம்மாவுக்கு 73 வயது, போன வருஷம் முட்டி மாற்று ஆபரேஷன் ஆனது. அண்ணனுக்குச் சின்ன வயதிலேயே போலியோ. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. என் பையனுக்கு ஐந்து வயது. மூன்று பேரும் பயமில்லாமல் போய்வர வேண்டும், பார்க்கவும் ஆஸ்பத்திரி மாதிரி இல்லாமல் வீட்டுப் பாத்ரூமாக இருக்க வேண்டும். நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.

பாத்ரூம் புதுப்பித்துத் தரும் ஒரு ஆன்லைன் கம்பெனியின் விளம்பரம் போனில் வந்தது. 'எல்லா வயதினருக்கும் ஏற்றது, 12 நாளில் முடியும்' என்றார்கள். கேஸ் போடப் போவதால் பெயரை இங்கே எழுதவில்லை.

அளவெடுக்க வந்த பையன் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தான். அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொல்லி, தானும் தரையில் உட்கார்ந்து, குதிகாலில் இருந்து முட்டிக்குப் பின்மடிப்பு வரை டேப் வைத்து அளந்தான். "பதினெட்டு இஞ்ச் வருதும்மா. க்ளோசெட் சீட்டை இந்த உயரத்துக்கே வெச்சிடுறேன், முட்டி மடங்காம எந்திரிக்கலாம்" என்றான். அதுவரை எந்தக் கொத்தனாரும் அம்மாவிடம் நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை. அம்மா முகம் மலர்ந்துவிட்டது. அண்ணன் மட்டும், எல்லோரும் தடையில்லாமல் புழங்கும்படி கட்டடம் கட்டுவதற்கான மத்திய அரசின் 2021 வழிகாட்டியில் உள்ளபடி கதவு 900 மில்லிமீட்டர் அகலம் வேண்டும், வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று சொன்னார். "எல்லாம் தெரியும்ணே, அதுதான் எங்க வேலையே" என்றான். அன்றைக்கும் மறுநாளுமாக ஜிபேயில் 1,10,000 அனுப்பினேன். டைல்ஸ் லோடு வாசலில் நிற்கிறது என்று சொல்லி மீதி 75,000 ரூபாயையும் வேலை முடிவதற்குள் வாங்கிவிட்டார்கள். ஆக 1,85,000.

செய்து கொடுத்தது என்ன? பழைய டைலை உடைக்கவே இல்லை, அதன் மேலேயே புதுசை ஒட்டிவிட்டார்கள். தரையின் வாட்டம் (சரிவு) சரியில்லாமல், தண்ணீர் அது வடிய வேண்டிய நானி ட்ராப் துளைக்குப் போகாமல் க்ளோசெட் அடியில் தேங்குகிறது. சொரசொரப்பான மேட் டைல் சொல்லியிருந்தோம், போட்டது பளபளா டைல். க்ளோசெட் உயரம் பதினைந்தரை இஞ்ச். கதவு அதே பழைய நிலைச்சட்டத்தில், அதே இரண்டரை அடியில், உள்பக்கமாகத்தான் திறக்கிறது. வாசல் கட்டையைக்கூட எடுக்கவில்லை. நான் ஆபீஸ் போய் வருவதற்குள் ஆட்கள் எல்லாவற்றையும் ஒட்டி முடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அம்மா சீட்டில் இருந்து எழுந்திருக்கும்போது சுவரில் மாட்டியிருந்த கைப்பிடியைப் பிடித்தார், அது கையோடு வந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடினேன். தாழ்ப்பாள் போடவில்லை, ஆனாலும் கதவைத் தள்ளினால் நாலு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. உள்ளே அம்மாவின் கால் கதவில் முட்டிக்கொண்டு கிடக்கிறது. ஆபரேஷன் செய்த கால். அழுத்தித் தள்ளவும் பயம், விடவும் பயம். அந்த இடுக்கு வழியாக, "அம்மா, காலைக் கொஞ்சம் மடக்குங்கம்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். கதவு ஏன் வெளியே திறக்க வேண்டும் என்று அண்ணன் அத்தனை தடவை சொன்னது அப்போதுதான் உறைத்தது.

கழன்று வந்த ஸ்குரூ என் மேஜையில்தான் இருக்கிறது. ஒன்றரை இஞ்ச் நீளம், அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பிளக், வெள்ளையாகச் சிமெண்டுப் பொடி. புது டைல், பசை, பழைய டைல், அதற்குப் பின்னால் பூச்சு. இத்தனையையும் தாண்டி அது செங்கலைத் தொட்டே இருக்காது. ஒரு மனிதரின் முழு எடையைத் தாங்க வேண்டிய கைப்பிடியை, டவல் கம்பி மாட்டுவது போல மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

போன் செய்தேன். அளவெடுக்க வந்த அதே பையன், பணம் வாங்கும்வரை 'அக்கா' என்றவன், இப்போது 'மேடம்' என்கிறான். "ஏரியா மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கேன் மேடம்." மேனேஜர், "கம்ப்ளெயிண்ட் பதிவாகியிருக்கு, 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க" என்றார். யாரும் கூப்பிடவில்லை. மறுபடி நானே கேட்டபோது வந்த பதில்: "கைப்பிடி சும்மா பிடிச்சுக்கத்தான் மேடம், வெயிட்டு கொடுத்தா எப்படி நிக்கும்?" வெயிட்டு கொடுக்கத்தானே அதை வைக்கச் சொன்னோம்! இப்போது மெசேஜ் போட்டால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. 1,85,000 ரூபாய்க்கு என்னிடம் ஒரு பில்கூடக் கிடையாது, எஸ்டிமேட் என்று அனுப்பிய ஒரே ஒரு தாள்தான்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். கைப்பிடி மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், செங்கலுக்குள் ஆங்கர் போல்ட் (உள்ளே விரிந்து இறுகப் பிடிக்கும் போல்ட்) இறங்குவதைக் கண்ணால் பாருங்கள். மாட்டியதும் முதலில் அதை மாட்டிய ஆளையே முழு எடையும் போட்டு இழுக்கச் சொல்லுங்கள். டைல் ஒட்டும் முன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி வாட்டம் பாருங்கள். அளவு, டைல் வகை, கதவு திறக்கும் பக்கம் எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். கடைசித் தவணையை, வீட்டுப் பெரியவர் ஒரு தடவை உள்ளே போய் வந்த பிறகு கொடுங்கள்.

ஏமாந்துவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. ஜிபே ரசீது, மெசேஜ், அந்த ஸ்குரூ, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் போகிறேன்.