ஹேண்டிகேப் எண்ணுடன் நான்கு ஆண்டுகள்: என் பயன்பாட்டு அனுபவம்

தோவாளைப் பக்கம் நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பை ஒட்டிய வெற்று நிலத்தில் நாங்கள் ஆறேழு பேர் ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கமாக வளைந்த, ஒலிம்பிக்கில் பயன்படும் வில்) பழகி வருகிறோம். எங்கள் மாவட்டத்தில் வில் என்று சொன்னால் கேட்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது வில்லுப்பாட்டுதான். அம்பெய்யும் வில் என்று விளக்கிய பிறகு, அதில் ஹேண்டிகேப் கணக்கு, அதாவது எய்பவரின் திறனை ஓர் எண்ணாகச் சொல்லும் கணக்கு, வைத்திருக்கிறேன் என்றால் உடல் ஊனத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். ஆகவே எங்களுக்குள் அதைப் படி எண் என்றே அழைக்கிறோம்.

பிரிட்டனின் ஆர்ச்சரி ஜிபி அமைப்பு வெளியிடும் அட்டவணைகளை 2021 முதல் பயன்படுத்துகிறேன். எந்தத் தொலைவில், எந்த அளவு டார்கெட் தாளில், எத்தனை அம்பு எய்து எவ்வளவு எடுத்தோம் என்பதைக் கொண்டு ஓர் எண்ணைத் தருவதே அவற்றின் வேலை. எண் குறையக் குறைய வில்லாளி தேர்ந்தவர் என்று பொருள். அம்புகள் நடுப்புள்ளியைச் சுற்றி எவ்வளவு கோணத்தில் சிதறுகின்றன என்பதே இதன் அடிப்படை. ஒவ்வொரு படிக்கும் சிதறல் ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு மாறுவதால், இருபது படி இறங்கியவரின் சிதறல் பாதியாகியிருக்கும். மதிப்பெண் மட்டும் இதைச் சொல்லாது. 70 மீட்டரில் 122 சென்டிமீட்டர் தாளில் 72 அம்புக்கு 436 எடுப்பவர் ஏறத்தாழ 50ஆம் படியிலும், 529 எடுப்பவர் 40ஆம் படியிலும் இருக்கிறார்கள்; ஆனால் 700ஐ நெருங்கியவர்களுக்கு இன்னும் பத்துப் புள்ளி கூட்டுவதற்கே பல படி இறங்க வேண்டியிருக்கும்.

முதல் இரண்டு ஆண்டுகள் 100 வரை செல்லும் பழைய அட்டவணையில் எழுதிவந்தேன். 2023இல் கணக்கீட்டு முறையே மாறி, எண்கள் 150 வரை நீண்டன. அதே மதிப்பெண்ணுக்கு வேறு எண் வந்ததால், நான் பின்தங்கிவிட்டேனோ என்று ஒரு வாரம் கலங்கி, பிறகு நோட்டு முழுவதையும் புதிய அட்டவணைப்படி திருத்தி எழுதினேன். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த முறையால் எனக்குக் கிடைத்த பெரிய பயன் ஒரு பழுதைக் கண்டுபிடித்ததுதான். 30 மீட்டரில் 80 சென்டிமீட்டர் தாளில் 36 அம்புக்கு நான் வழக்கமாக 289 அளவில் எடுத்தேன். அது 50ஆம் படி. அதே படிக்கு 70 மீட்டரில் 436 வர வேண்டியிருக்க, எனக்கு 370ஐத் தாண்டவே இல்லை. காற்றின் மேல் பழி போடலாம் என்றால், தை மாதத்து விடியற்காலையில், கொடித்துணி அசையாத வேளையிலும் அதே கதைதான். இரண்டு தொலைவிலும் எய்தவன் ஒருவனே என்றிருக்க, எண்கள் இவ்வளவு விலகினால் கோளாறு எய்பவனை விட்டு அம்பில் இருக்கலாம் என்று தோன்றியது. இறகில்லாத அம்பை எய்து பார்த்தபோது அது இடப்பக்கம் போய் விழுந்தது. வலக்கைக்காரனான எனக்கு, அம்பின் தண்டு தேவைக்கு மேல் விறைப்பாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அம்புகளுக்குக் கனம் கூடிய முனைகளைப் பொருத்திய பின் வித்தியாசம் இரண்டு மூன்று படியாகச் சுருங்கியது. மதிப்பெண்களை மட்டும் பார்த்திருந்தால், 70 மீட்டர் என்றால் குறையத்தான் செய்யும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன்.

எங்களுக்குள் நடக்கும் போட்டிகளில் அனுபவம் வேறு மாதிரி. ஒவ்வொருவரின் மதிப்பெண்ணோடும் அவரவர் படிக்கு உரிய சலுகைப் புள்ளியைக் கூட்டினால், தன் நிலைக்குச் சரியாக எய்தவருக்கு 1440 வரும். அதைத் தாண்டுபவர் அன்று தன்னை மிஞ்சியவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்களோடு பழகும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் தொடர்ந்து ஐந்து முறை வென்றான். மூன்று சுற்றுகளின் சராசரியில் தொடங்கும் எண், அடுத்த நல்ல மதிப்பெண் வரும்போது பழையதுக்கும் புதியதுக்கும் இடையில்தான் வந்து நிற்கும். வேகமாக முன்னேறுகிறவனை அது எப்போதும் பின்னாலேயே துரத்துகிறது. “அண்ணே, நான் என்ன பண்ணட்டும், கணக்கு அப்படி” என்று அவன் சிரித்ததில் தவறில்லை.

எண்ணின் நேர்மை ஸ்கோர் கார்டின் நேர்மையைத் தாண்டாது. மதிப்பெண் எழுதி முடிக்கும் வரை யாரும் அம்பைத் தொடக்கூடாது என்பதிலும், இரு வளையங்களுக்கு இடைப்பட்ட கோட்டைத் தண்டு தொட்டால்தான் உயர்ந்த மதிப்பெண் என்பதிலும் நாங்கள் முதலாண்டில் தளர்வாக இருந்தோம். அந்த ஆண்டின் எண்களை இன்று நான் நம்புவதில்லை.

ஒலிம்பிக் பாணிச் செட் ஆட்டத்துக்கு இந்த அட்டவணையால் பயன் குறைவு. மூன்று அம்பு கொண்ட செட்டை வென்றால் இரண்டு புள்ளி, சமமானால் ஆளுக்கொன்று, ஆறு புள்ளியை முதலில் எட்டியவர் வெற்றியாளர் என்ற முறையில், மோசமான ஒரு செட் அதோடு போய்விடுகிறது. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கின் ஆண்கள் தனிநபர் இறுதிச் சுற்றில் தென் கொரியாவின் கிம் ஊஜினும் அமெரிக்காவின் பிராடி எலிசனும் 5-5 என நின்று, கடைசி ஒற்றை அம்பில் இருவருமே பத்து எய்தபின், எலிசனின் அம்பைவிட 4.9 மில்லிமீட்டர் நடுவுக்கு நெருக்கமாக எய்த கிம் வென்றார்.

எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்றில்தான் முப்பந்தலின் காற்றாலைகள் சுழல்கின்றன. அட்டவணை அந்தக் காற்றை அறியாது. ஒரு போட்டிப் பருவத்துக்குள் எண் இறங்குமே தவிர ஏறாது என்பதால் அந்த மாதங்களின் மதிப்பெண்கள் என் படியைக் கெடுப்பதில்லை என்றாலும், பயிற்சி வீணாகிறதா என்பதும் அதில் தெரிவதில்லை. அதனால் சென்ற ஆண்டு முதல் நோட்டில் ஆனி, ஆடிக்குத் தனிப் பக்கம் ஒதுக்கி, அந்தச் சுற்றுகளை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு மட்டும் ஒப்பிடுகிறேன். சென்ற ஆடியில் அந்தப் பக்கத்தின் சிறந்த எண் 61. இந்த ஆடியில் 57.